வாக்குச்சீட்டுக்கு முன் ஒரு வினாத்தாள்

அமெரிக்காவில் பிறந்த ஒருவர், தம் நாட்டு அரசியல் சட்டத்தில் எத்தனை திருத்தங்கள் உள்ளன என்று தெரியாமலேயே எண்பது வயது வரை வாக்களித்துவிட்டுப் போகலாம். யாரும் அவரைக் கேட்கப்போவதில்லை. அதே தெருவில் கிரீன் கார்டு வைத்துக்கொண்டு இருபது ஆண்டுகளாக வரி கட்டும் ஒருவர் தேசியத் தேர்தலில் வாக்களிக்க வேண்டுமானால், குடியுரிமை அதிகாரிக்கு எதிரே உட்கார்ந்து அந்தக் கேள்விக்கு 27 என்று சொல்லவேண்டி வரலாம். முன்னவரை அறிவுத் தேர்வு வைத்து வாக்குச்சாவடியிலிருந்து தடுப்பது அந்த நாட்டில் சட்டவிரோதம். பின்னவருக்கோ, முதுமை, உடல்நலம் போன்ற விலக்குகள் இல்லாவிட்டால், அந்தத் தேர்வு சட்டத்தின் கட்டாயம்.

இது அமெரிக்காவின் விசித்திரம் மட்டுமல்ல. வாக்காளரைச் சோதிக்கும் தேர்வு இருபதாம் நூற்றாண்டு முடிவதற்குள் பெரும்பாலான மக்களாட்சி நாடுகளில் ஒழிந்துவிட்டது. குடியுரிமை கேட்டு வருபவரைச் சோதிக்கும் எழுத்துத் தேர்வு ஐரோப்பாவில் அதன்பிறகுதான் பரவியது: நெதர்லாந்தில் 2003, பிரிட்டனில் 2005, டென்மார்க்கில் 2007, ஜெர்மனியில் 2008. ஆஸ்திரேலியாவும் 2007இல் சேர்ந்துகொண்டது. முதல் வகைத் தேர்வை அநீதி என்று வரலாற்றுப் பாடம் சொல்கிறது. இரண்டாவதை ஒருங்கிணைப்புக் கொள்கை என்று உள்துறை அமைச்சகங்கள் சொல்கின்றன. ஆய்வாளர்களும் இரண்டையும் பெரும்பாலும் தனித்தனி அலமாரிகளில் வைக்கிறார்கள். சேர்த்து வைத்துப் படித்தால் ஒன்று புலப்படும். ஒரு தேர்வு பாடமா, வடிகட்டியா என்பதை அதன் கேள்விகளை மட்டும் வாசித்துக் கண்டுபிடிக்க முடியாது. யாருக்கு விலக்கு, மதிப்பெண் போடுபவர் கையில் எவ்வளவு அதிகாரம், கேள்விகள் முன்கூட்டியே ஊரறிய வெளியானவையா என்று பார்க்க வேண்டும்.

மில் கேட்ட கணக்கு

அறியாதவர் வாக்களிக்கலாமா என்ற கேள்வியை மேட்டிமைவாதிகள் மட்டும் எழுப்பவில்லை. பெண்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்று தம் காலத்தில் உரக்கச் சொன்ன ஜான் ஸ்டூவர்ட் மில்தான், 1861இல் வெளிவந்த தம் நூலில், எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் எளிய விகிதக் கணக்குப் போடத் தெரியாதவருக்கும் வாக்கு கூடாது என்று வாதிட்டார். படித்தவர்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வாக்கு தரலாம் என்றும் கருதினார். ஆனால் அவர் போட்ட முன் நிபந்தனையை இன்று பலர் மறந்துவிடுகிறார்கள்: கல்வியை எல்லோர் கைக்கும் எட்டச் செய்வது அரசின் கடமை, அதைச் செய்யாத அரசுக்குக் கல்லாமையைக் காட்டி வாக்கை மறுக்கும் தகுதி கிடையாது. பிரிட்டனில் பல்கலைக்கழகப் பட்டதாரிகளுக்கென்று தனித் தொகுதிகள் இருந்தன. 1948ஆம் ஆண்டுச் சட்டம்தான் அவற்றை ஒழித்தது. பழைய வாதம் அத்தோடு சாகவில்லை. ஜேசன் பிரென்னன் என்ற அமெரிக்கத் தத்துவவாதி 2016இல் வெளியிட்ட நூலில், அறிவுள்ளவர்களின் வாக்குக்குக் கூடுதல் எடை தரும் ஆட்சிமுறையை வெளிப்படையாகவே பரிந்துரைத்தார்.

வாக்காளர்களுக்கு அரசியல் அறிவு குறைவு என்பதை யாரும் மறுக்கவில்லை. 2018இல் அமெரிக்காவின் உட்ரோ வில்சன் அறக்கட்டளை, குடியுரிமைத் தேர்வின் கேள்விகளை அமெரிக்கக் குடிமக்களிடமே கொடுத்துப் பார்த்தது. மூன்றில் ஒரு பங்கினர்தான் தேறினார்கள். குடியேறிகளிலோ பத்தில் ஒன்பது பேர் அதே தேர்வில் முதல் முறையிலேயே தேறுகிறார்கள். படித்துவிட்டு வருகிறார்கள், அவ்வளவுதான். இந்த வெட்கத்தைப் போக்கவோ என்னவோ, அரிசோனா மாநிலம் 2015இல் ஒரு சட்டம் இயற்றி, பள்ளிப் படிப்பை முடிக்கும் மாணவர்களும் அந்தத் தேர்வின் 100 கேள்விகளில் 60க்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்றது. வேறு பல மாநிலங்கள் பின்தொடர்ந்தன. அங்கும் தோற்றால் போவது பள்ளிச் சான்றிதழே தவிர, வாக்கு அல்ல.

தெற்கு கற்றுக்கொடுத்தது

அமெரிக்காவின் முதல் எழுத்தறிவுத் தேர்வுகள் வடக்கில் பிறந்தவை. கனெக்டிகட் 1855இலும் மாசசூசெட்ஸ் 1857இலும் அவற்றைக் கொண்டுவந்தபோது குறி, அயர்லாந்திலிருந்து வந்து குவிந்த ஏழைக் கத்தோலிக்கர்கள். தெற்கு மாநிலங்கள் அதை வேறொரு வேலைக்குப் பயன்படுத்தின. 1870இல் வந்த 15ஆவது திருத்தம், இனத்தின் பேரால் வாக்குரிமையை மறுக்கக் கூடாது என்று சொல்லியிருந்தது. எனவே இனம் என்ற சொல்லையே எழுதாமல் காரியத்தை முடிக்க வேண்டியிருந்தது. 1890இல் மிசிசிப்பி எழுதிய புதிய அரசியல் சட்டம், வாக்காளர் மாநில அரசியல் சட்டத்தின் ஏதேனும் ஒரு பிரிவைப் படிக்க வேண்டும், அல்லது படித்துக் காட்டினால் புரிந்துகொள்ள வேண்டும், அல்லது அதற்கு நியாயமான விளக்கம் தர வேண்டும் என்றது. எது நியாயமான விளக்கம் என்று முடிவு செய்பவர் வெள்ளையரான பதிவு அதிகாரி. வெள்ளையருக்கு ஒற்றை வரிப் பிரிவு, கறுப்பருக்கு வழக்கறிஞரே திணறும் பிரிவு. 1898இல் உச்ச நீதிமன்றம், சட்டத்தின் வாசகத்தில் இனப் பாகுபாடு இல்லை என்று சொல்லி இதை அனுமதித்தது.

அதே 1898இல் லூயிசியானா இன்னும் வெளிப்படையாக நடந்துகொண்டது. 1867 ஜனவரி 1க்கு முன் வாக்குரிமை பெற்றிருந்தவர்களுக்கும் அவர்களுடைய மகன்களுக்கும் பேரன்களுக்கும் தேர்விலிருந்து விலக்கு அளித்தது. அந்தத் தேதியில் அங்கே கறுப்பர்களுக்கு வாக்கு இல்லை. 1896இல் அந்த மாநிலத்தில் பட்டியலில் இருந்த கறுப்பின வாக்காளர்கள் 1,30,334 பேர். 1904இல் எஞ்சியவர்கள் 1,342 பேர். எட்டே ஆண்டுகள். பாட்டன் வழி விலக்கை உச்ச நீதிமன்றம் 1915இல் ரத்து செய்தாலும், அதிகாரியின் விருப்பத்துக்கு விடப்பட்ட தேர்வு இன்னும் அரை நூற்றாண்டு நீடித்தது.

ஃபேனி லூ ஹேமர் என்ற பருத்தித் தோட்டத் தொழிலாளி 1962 ஆகஸ்ட் 31 அன்று மிசிசிப்பியின் இண்டியனோலா ஊருக்குப் பதிவு செய்யப் போனார். மாநில அரசியல் சட்டத்தின் 16ஆவது பிரிவுக்கு விளக்கம் எழுதச் சொன்னார்கள். தோற்றார். அன்று இரவே, பதினெட்டு ஆண்டுகள் வேலை செய்த தோட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்டார். 1963 ஜனவரியில்தான் தேறினார். பின்னாளில் அமெரிக்கக் குடிமை உரிமைகள் இயக்கத்தின் மிகப் பெரிய குரல்களில் ஒன்றாக ஆனவரின் அரசியல் அறிவை அளந்த கருவி இப்படி இருந்தது.

இந்தக் காலத்தைப் பற்றி எழுதுவோர் அடக்குமுறையோடு நின்றுவிடுவது வழக்கம். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது தென் கரோலினா கடலோரத்தில் உள்ள ஜான்ஸ் தீவில் நடந்தது. ஈசா ஜென்கின்ஸ் என்பவர் தீவுவாசிகளைத் தம் பேருந்தில் சார்ல்ஸ்டன் நகரத்துக்கு வேலைக்கு ஏற்றிச் செல்வார். போகும் வழியில், வாக்காளர் பதிவுக்கு வேண்டிய அரசியல் சட்டப் பகுதிகளைப் பயணிகளுக்குச் சொல்லிக்கொடுப்பார். காதால் கேட்டு மனப்பாடம் செய்தவர்கள் உண்டு. ஆனால் அவர்களுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க ஆசை. 1957 ஜனவரியில் ஒரு கூட்டுறவுக் கடையின் பின்னறையில் வகுப்பு தொடங்கியது. முன்னால் கடை இருந்தது வெள்ளையர் கண்ணை மறைக்க. பாடம் நடத்திய பெர்னிஸ் ராபின்சன் பயிற்சி பெற்ற ஆசிரியர் அல்ல, சிகை அலங்கார நிலையம் நடத்தியவர். வந்தவர்களிடம் முதலில் அவர் கேட்டது, என்ன கற்க விரும்புகிறீர்கள் என்று. பெயர் எழுத வேண்டும், பைபிள் படிக்க வேண்டும், மணியார்டர் படிவம் நிரப்ப வேண்டும் என்றார்கள். அதிலிருந்து தொடங்கி அரசியல் சட்டத்துக்கு வந்தார்கள். செப்டிமா கிளார்க் வளர்த்தெடுத்த இந்தக் குடியுரிமைப் பள்ளிகள், 1961க்குப் பிறகு மார்ட்டின் லூதர் கிங்கின் அமைப்பு வழியாகத் தெற்கு முழுவதும் பரவின. வடிகட்ட வைத்த தேர்வையே அந்த மக்கள் தங்களுக்கான பாடமாக மாற்றிக்கொண்டார்கள். அந்தப் பெருமை தேர்வை வைத்தவர்களுக்குச் சேராது.

1965 ஆகஸ்ட் 6 அன்று வாக்குரிமைச் சட்டம் வந்தது. இத்தகைய தேர்வுகளைத் தெற்கின் பெரும்பகுதியில் அது நிறுத்தி வைத்தது. 1970இல் தடை நாடு முழுவதற்கும் விரிந்தது, 1975இல் நிரந்தரமானது. மிசிசிப்பியில் வாக்குரிமை வயதுடைய கறுப்பர்களில் பதிவு செய்தவர்கள் 1965க்கு முன் 6.7 சதவீதம், 1967இல் 59.8 சதவீதம். இரண்டு ஆண்டுகளில் அந்த மாநிலத்தில் யாரும் திடீரென்று பண்டிதர் ஆகிவிடவில்லை.

நேட்டாலிலிருந்து கொழும்பு வரை

இந்தக் கதையில் தமிழருக்கும் பங்கு உண்டு. 1860இல் சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் தொடங்கி, கரும்புத் தோட்டங்களுக்கென்று ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்கள் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். அவர்களும் இந்திய வணிகர்களும் நிலைபெறத் தொடங்கியதும், 1896இல் நேட்டால் அரசு ஒரு சட்டம் போட்டது. நாடாளுமன்ற முறையில் தேர்ந்தெடுக்கும் அமைப்புகள் இல்லாத நாடுகளிலிருந்து வந்தவர்களுக்கும் அவர்கள் வழிவந்தவர்களுக்கும் வாக்கு கிடையாது என்றது அந்தச் சட்டம். இந்தியர் என்று எங்கும் எழுதவில்லை. அடுத்த ஆண்டு வந்த குடியேற்றத் தடைச் சட்டம், உள்ளே நுழைபவர் ஏதேனும் ஓர் ஐரோப்பிய மொழியில் விண்ணப்பம் எழுதிக் காட்ட வேண்டும் என்றது. காந்தி இளம் வழக்கறிஞராக எதிர்த்து நின்ற சட்டங்கள் இவை.

நேட்டாலின் உத்தியை ஆஸ்திரேலியா 1901இல் எடுத்துக்கொண்டது. வருபவருக்கு ஏதேனும் ஓர் ஐரோப்பிய மொழியில் 50 சொற்களைச் சொல்லி எழுதச் செய்வார்கள். எந்த மொழி என்பது அதிகாரியின் விருப்பம். 1934இல் எகோன் கிஷ் என்ற இடதுசாரிப் பத்திரிகையாளர் வந்திறங்கினார். அவருக்குப் பல ஐரோப்பிய மொழிகள் தெரியும் என்பதால் ஸ்காட்டிஷ் கேலிக் மொழியில் தேர்வு வைத்தார்கள். அது சட்டம் சொல்லும் ஐரோப்பிய மொழி ஆகாது என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது வேறு கதை. அந்தத் தேர்வு 1958 வரை சட்டப் புத்தகத்தில் இருந்தது.

இலங்கையில் 1931க்கு முன் எழுத்தறிவும் சொத்தோ வருமானமோ உள்ள ஆண்களுக்கே வாக்கு. மக்கள்தொகையில் அவர்கள் 4 சதவீதம் அளவுதான். டொனமூர் ஆணைக்குழுவின் பரிந்துரையால் 1931இல் 21 வயது நிறைந்த ஆண், பெண் அனைவருக்கும் வாக்குரிமை வந்தது, ஆசியாவிலேயே முதலாவதாக. அதைக் கடுமையாக எதிர்த்தவர்களில் ஒருவர் பொன்னம்பலம் இராமநாதன். கல்லாதவர் கையில் வாக்கு போனால் நாடு கெடும் என்ற அச்சத்துக்கு மொழியோ இனமோ தடையாக இருந்ததில்லை என்பதற்கு நம் வீட்டு உதாரணமே போதும்.

ஆனால் இலங்கையில் வாக்கைப் பறித்தது எழுத்தறிவுத் தேர்வு அல்ல, ஆவணத் தேர்வு. 1947 தேர்தலில் மலையகத் தமிழர்கள் ஏழு பேரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டு வந்த சட்டங்களும் சுமார் ஏழு லட்சம் பேரை நாடற்றவர் ஆக்கின. தந்தை அல்லது பாட்டன்மார் அந்த மண்ணில் பிறந்ததற்குத் தாள் எங்கே என்று கேட்டது அரசு. தோட்டத்து லயன் அறையில் பிறந்தவர்களுக்குப் பிறப்புப் பதிவு ஏது? அடுத்த நாடாளுமன்றத்தில் அவர்களுக்கு ஓர் உறுப்பினரும் இல்லை. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இரு நாடுகளுக்கும் பங்கு போட்டது. எஞ்சியவர்களின் சிக்கல் தீரும் வகையில் 2003இல்தான் சட்டம் வந்தது. இவர்களிடம் வரலாற்றுக் கேள்விகள் நூறு கேட்டிருந்தால்கூட எத்தனையோ பேர் தேறியிருப்பார்கள்.

இந்தியா எதிர்த்திசையில் நடந்தது. 1935ஆம் ஆண்டுச் சட்டப்படி சொத்து, வரி, கல்வி ஆகியவை வாக்குக்கான தகுதிகள். 1928இன் மோதிலால் நேரு அறிக்கையும், சைமன் குழு முன் அம்பேத்கர் தந்த சாட்சியமும் வயதுவந்தோர் அனைவருக்கும் வாக்கு என்பதில் உறுதியாக நின்றன. 1949 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் பேசிய சென்னை வழக்கறிஞர் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர், நாட்டின் பெருவாரியான கல்லாமையை ஒப்புக்கொண்டே, சாமானிய மனிதன்மீது நம்பிக்கை வைத்து இதை ஏற்கிறோம் என்ற கருத்தைச் சொன்னார். அதே மாதத்தில் ராஜேந்திர பிரசாத், வாக்காளருக்கு அல்ல, சட்டம் இயற்ற வருபவர்களுக்குக் கல்வித் தகுதி வைக்க முடியவில்லையே என்று வருந்தினார். 1951 கணக்கெடுப்பின்படி எழுத்தறிவு 18 சதவீதம். 1951–52 தேர்தலில் பட்டியலில் இருந்தவர்கள் 17 கோடிக்கு மேல். சுகுமார் சென் தலைமையிலான தேர்தல் ஆணையம் அவர்களுக்குத் தேர்வு வைக்கவில்லை. பெட்டியில் சின்னத்தை ஒட்டியது.

அந்த நம்பிக்கை இப்போது பின்வாசல் வழியாகக் குறைகிறது. 2015இல் ஹரியானா, பஞ்சாயத்துத் தேர்தலில் நிற்பவர்களுக்குக் கல்வித் தகுதி வைத்தது. உச்ச நீதிமன்றம் அந்த ஆண்டு டிசம்பரில் அதை ஏற்றது. சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் இல்லாத நிபந்தனை கிராமத்துப் பெண்ணுக்கு மட்டும் ஏன் என்பதற்கு அந்தத் தீர்ப்பு எனக்குத் திருப்தியான பதில் சொல்லவில்லை. ராஜஸ்தான் தன் இதேபோன்ற சட்டத்தை 2019இல் கைவிட்டது. இந்தியக் குடியுரிமை கேட்கும் வெளிநாட்டவருக்கோ 1955ஆம் ஆண்டுச் சட்டத்தில் குடிமையியல் தேர்வே கிடையாது. அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள ஒரு மொழி போதிய அளவு தெரிந்தால் போதும். தமிழும் அதில் உண்டு.

புதிய தேர்வுகள்

இனி குடியுரிமைத் தேர்வுகள். அமெரிக்காவில் 1906இல் ஆங்கிலம் பேசத் தெரிய வேண்டும் என்ற விதி வந்தது. 1950இல் வரலாறும் அரசாங்க அமைப்பும் சட்டப்படி சேர்ந்தன. 2008இல் 100 கேள்விகள் கொண்ட பட்டியல் வெளியானது. பத்து கேட்பார்கள், ஆறுக்குப் பதில் சொன்னால் போதும். 2020 டிசம்பரில் அது 128 கேள்விகளாக உயர்ந்தது, சில மாதங்களில் அடுத்த அரசு அதைத் திரும்பப் பெற்றது. 2025 அக்டோபர் 20 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு மறுபடி 128 கேள்விப் பட்டியல்: இருபது கேட்டால் பன்னிரண்டு சரியாக இருக்க வேண்டும். ஆட்சி மாறும்போதெல்லாம் வினாத்தாளும் மாறுவது, அறிவின் தேவை மாறியதால் அல்ல என்பது வெளிப்படை. 2020 பட்டியலில் ஒரு நுணுக்கமான மாற்றம் இருந்தது. செனட் உறுப்பினர் யாரைப் பிரதிநிதித்துவம் செய்கிறார் என்ற கேள்விக்கு, மாநில மக்கள் அனைவரையும் என்றிருந்த விடை, மாநிலத்தின் குடிமக்களை என்று மாறியது. விடைத்தாளிலும் அரசியல் நடக்கும்.

இருந்தாலும் இந்தத் தேர்வுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. கேள்வியும் விடையும் இணையத்தில் இலவசம். தோற்றால் 60 முதல் 90 நாட்களுக்குள் மறுவாய்ப்பு உண்டு. கிரீன் கார்டோடு 20 ஆண்டு வாழ்ந்த 50 வயதினரும், 15 ஆண்டு வாழ்ந்த 55 வயதினரும் ஆங்கிலத் தேர்வு இல்லாமல், மொழிபெயர்ப்பாளர் துணையோடு குடிமைக் கேள்விகளைத் தமிழிலேயே எதிர்கொள்ளலாம். 65 வயதாகி 20 ஆண்டு முடிந்தவர்கள் குறித்துத் தந்த 20 கேள்விகளை மட்டும் படித்தால் போதும். மகன் வீட்டில் பேரப்பிள்ளைகளை வளர்த்துக் கழித்த தாய்மார்களில் பலர் இந்த விதியைக் கேள்விப்பட்டதே இல்லை.

பிரிட்டன் கெடுத்துக்கொண்ட கதை வேறு. பெர்னார்ட் கிரிக் தலைமையிலான குழு, குடியேறியவருக்கு அன்றாட வாழ்வில் உதவும் அறிவே தேவை என்ற எண்ணத்தில் தொடங்கியது. 2005இல் வந்த தேர்வில் மருத்துவரிடம் பதிவு செய்வது, வேலை, வீட்டு வாடகை போன்றவை இருந்தன. 2013இல் கையேடு மாறியபோது வரலாறும் பண்பாடும் அந்த இடத்தை அடைத்தன. 1810இல் லண்டனில் முதல் இந்திய உணவகம் திறந்த சேக் தீன் முகமது பெயர் கையேட்டில் உண்டு. அவசர உதவிக்கு 999 என்ற எண்ணைத் தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் போய்விட்டது. டர்ஹாம் பல்கலைக்கழகத்தின் தாம் பிரூக்ஸ் இதை விரிவாக ஆராய்ந்து கண்டித்தார். பிரபுக்கள் சபையின் குழுவும் 2022இல் கடுமையாக விமர்சித்தது. 24 கேள்விகளில் 18 சரியாக வேண்டும், கட்டணம் 50 பவுண்டு, வினா வங்கி வெளியிடப்படுவதில்லை. அதையும் தாண்டினால் குடியுரிமை விண்ணப்பத்துக்கு 1,600 பவுண்டுக்கு மேல் கட்ட வேண்டும். சம்பளம் குறைந்த குடும்பத்துக்கு உண்மையான தேர்வு இந்தக் கட்டணம்தான்.

ஜெர்மனி தொடக்கத்தில் சறுக்கியது. 2006இல் பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலம் முஸ்லிம் நாடுகளிலிருந்து வந்த விண்ணப்பதாரர்களிடம் மட்டும், மகன் தன்பாலீர்ப்பாளன் என்று தெரிந்தால் என்ன செய்வீர்கள் என்பதுபோல் மனசாட்சியைத் துருவும் கேள்விகளை வைத்தது. பெரும் கண்டனம் எழுந்தது. 2008இல் நாடு முழுமைக்கும் வந்த பொதுத் தேர்வு எவ்வளவோ மேல்: 310 கேள்விகள் வெளியாகியுள்ளன, 33இல் 17 சரியாக இருந்தால் போதும், கட்டணம் 25 யூரோ. 2024 சீர்திருத்தம், 1974 வரை விருந்தினர் தொழிலாளராக வந்த தலைமுறையை இந்தத் தேர்விலிருந்தே விடுவித்தது. நெதர்லாந்தோ 2006 முதல், குடும்பத்தோடு சேர வருபவரைச் சொந்த நாட்டில் உள்ள தூதரகத்திலேயே தேர்வு எழுத வைத்தது. அமெரிக்கர், கனடியர், ஜப்பானியர் எழுத வேண்டாம். மொரோக்கோக்காரர் எழுத வேண்டும். லூயிசியானாவின் பாட்டன் வழி விலக்கு இங்கே கடவுச்சீட்டு நிறத்தில் வந்திருக்கிறது.

கனடாவும் ஆஸ்திரேலியாவும் நடுவில் நிற்கின்றன. கனடாவில் 20இல் 15, வயது 18 முதல் 54 வரை மட்டும். 2010இல் தேர்வைக் கடினமாக்கியபோது தோற்றவர்கள் சட்டென்று கூடியதால் திருத்த வேண்டியதாயிற்று. ஆஸ்திரேலியாவில் 2007இல் கிரிக்கெட் வீரர் பிராட்மன் பெயர் படிக்க வேண்டிய பட்டியலில் இருந்தது. 2020 முதல் நாட்டின் விழுமியங்கள் பற்றிய ஐந்து கேள்விகளில் ஒன்றுகூடத் தவறக் கூடாது. விழுமியத்தைக் கொடுத்த விடைகளில் ஒன்றைத் தேர்ந்து நிரூபிக்கலாம் என்பது எப்படி என்று எனக்கு விளங்கவில்லை. பொய் சொல்லத் தெரிந்தவர் முழு மதிப்பெண் வாங்குவார்.

அறிவு முன்னால் வருமா, பின்னால் வருமா

ஈழத்தமிழர் பல்லாயிரக்கணக்கில் வாழும் சுவிட்சர்லாந்து இந்தக் கேள்விக்கு எதிர்பாராத ஆய்வுக்கூடமாக அமைந்தது. அங்கே குடியுரிமை வாசல் ஊராட்சியில் இருக்கிறது. பல ஊர்களில் விண்ணப்பதாரரின் விவரங்களை அச்சிட்டு ஊராருக்கு அனுப்பி, வாக்குப்பெட்டியில் முடிவு செய்தார்கள். 2000இல் எம்மென் ஊர், இத்தாலியர்களை ஏற்று, முன்னாள் யூகோஸ்லாவியாவைச் சேர்ந்தவர்களைப் பெருமளவில் நிராகரித்தது. கூட்டாட்சி நீதிமன்றம் 2003இல் இந்த முறை அரசியல் சட்டத்துக்கு எதிரானது என்றது. வாய்மொழித் தேர்வுகளின் விருப்பு வெறுப்பு அதன்பிறகும் தொடர்ந்தது. முப்பது ஆண்டு அளவில் சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த ஓர் இத்தாலியரை ஆர்த் ஊராட்சி நிராகரித்தது. உள்ளூர் விலங்குப் பூங்காவில் கரடியும் ஓநாயும் ஒரே அடைப்பில் இருப்பது அவருக்குத் தெரியவில்லை என்பதும் அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று. பின்னர் நீதிமன்றம் அவருக்குக் குடியுரிமை வழங்கச் சொன்னது.

ஹைன்முல்லர், ஹாங்கார்ட்னர் என்ற அரசியல் ஆய்வாளர்களும் அவர்களுடைய சகாக்களும் பழைய ஊர் வாக்கெடுப்புகளைத் திறமையாகப் பயன்படுத்தினார்கள். ஒரு சில வாக்கு வித்தியாசத்தில் குடியுரிமை பெற்றவரும், அதே அளவில் தவறவிட்டவரும் மற்றபடி ஏறத்தாழ ஒரே மாதிரியானவர்கள். ஆண்டுகள் கழித்து இரு சாராரையும் ஒப்பிட்டார்கள். குடியுரிமை பெற்றவர்கள் அரசியலில் கூடுதலாகப் பங்கேற்றார்கள், அரசியல் அறிவிலும் முன்னே இருந்தார்கள். 2015இல் வெளியான அந்த ஆய்வு சொல்வது, உரிமை கிடைத்த பிறகு அறிவு வளர்கிறது என்பதை.

வாக்கின் பக்கத்திலும் இதற்குத் துணை உண்டு. கஸ்ஸியோ, வாஷிங்டன் என்ற இரு பொருளியலாளர்கள் 2014இல், தெற்கில் எழுத்தறிவுத் தேர்வு நீங்கியபின் கறுப்பர்கள் மிகுந்த மாவட்டங்களுக்கு மாநில அரசின் நிதி கூடுதலாகப் பாய்ந்ததைக் காட்டினார்கள். பிரேசில் 1881 முதல் 1985 வரை எழுத்தறியாதவர்களுக்கு வாக்கை மறுத்தது. வாக்கு வந்த பிறகும் எழுதி நிரப்ப வேண்டிய வாக்குச்சீட்டு பலருடைய வாக்கைச் செல்லாததாக்கியது. தொண்ணூறுகளில் படமும் எண்ணும் கொண்ட மின்னணு எந்திரம் வந்ததும் செல்லாத வாக்குகள் சரிந்தன. ஏழைகளுக்கான சுகாதாரச் செலவு உயர்ந்தது, தாய்மார்களும் குழந்தைகளும் பயனடைந்தார்கள் என்கிறது ஃபுஜிவாராவின் 2015ஆம் ஆண்டு ஆய்வு. படிக்காதவர் தமக்கு என்ன வேண்டும் என்று அறிந்தே வாக்களித்திருக்கிறார். மில்லின் கணக்குத் தேர்வில் அவர் தோற்றிருப்பார்.

இத்தனையும் பார்த்தபின் என் முடிவு இது. வாக்குக்கு அறிவுத் தேர்வு எந்த வடிவிலும் கூடாது, வேட்பாளருக்கான கல்வித் தகுதியும் அதன் தம்பிதான். குடியுரிமைத் தேர்வை ஏற்கலாம், மூன்று நிபந்தனைகளோடு: கேள்விகள் முழுவதும் வெளியாகியிருக்க வேண்டும், எந்த நாட்டவர் என்பதை வைத்து விலக்குத் தரக் கூடாது, முதியவர்கள் தம் மொழியில் பதில் சொல்ல வழி இருக்க வேண்டும். இந்த அளவுகோலில் ஜெர்மனி பெரும்பாலும் தேறுகிறது. அமெரிக்கா தேறுகிறது, ஆனால் கடினமாக்கும் ஆசையில் சரிந்துகொண்டிருக்கிறது. பிரிட்டன் தோற்கிறது.

ஆனால் அதே பிரிட்டனில், விசாவோடு சட்டப்படி வசிக்கும் இந்திய, இலங்கைக் குடிமக்கள் காமன்வெல்த் நாட்டினர் என்ற முறையில் நாடாளுமன்றத் தேர்தலிலேயே வாக்களிக்கலாம். எந்தத் தேர்வும் இல்லை, பிரிட்டிஷ் கடவுச்சீட்டும் தேவையில்லை. மாணவர்களுக்கும் இது பொருந்தும். அங்கே படிக்கவோ வேலைக்கோ போயிருக்கும் பிள்ளைகள் இருந்தால், உள்ளூர் வாக்காளர் பட்டியலில் பெயரைப் பதியச் சொல்லுங்கள்.